கணக்கு நோட்டில் யார் பெயர்?

1999-இல் பெங்களூரில் 'ஃபேப்மார்ட்' என்ற இணையக் கடையைத் தொடங்கியவர்களில் ஹரி மேனன் ஒருவர். இசைத்தட்டு விற்ற அந்தக் கடை பிறகு மளிகைக்கும் வந்தது. அப்போது பெரும்பாலான வீடுகளில் இணையமே இல்லை. தெருவில் இறங்கி 'ஃபேப்மால்' கடைகளைத் திறந்தார்கள்; அவையும் பின்னர் ஆதித்ய பிர்லா குழுமத்தின் கைக்குப் போயின. 2011-இல் மேனனும் நண்பர்கள் நால்வரும் மறுபடி தொடங்கியதுதான் 'பிக்பாஸ்கெட்'. 2021-இல் அதன் பெரும்பங்கை டாடா குழுமம் வாங்கியது. விட்ட இடத்திலேயே பிடித்த அந்த உழைப்பை மதிக்கிறேன்.

ஆனால், அந்த ஐவரும் ஆண்கள்.

கனகம்மாசத்திரத்தில் மாதம் பிறந்ததும் அம்மா மளிகைச் சீட்டு எழுதுவாள். துவரம்பருப்பு எத்தனை நாள் வரும், விருந்தாளி வந்தால் எதைக் குறைப்பது, திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு எவ்வளவு கூடுதல் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. கடைக்காரரின் கணக்கு நோட்டில் இருந்தது அப்பாவின் பெயர்.

இன்று செயலி 'முன்பு வாங்கியவை' என்று நினைவூட்டுகிறது. அம்மா சும்மா செய்த ஞாபக வேலைக்கு இப்போது சந்தையில் விலை உண்டு. பை வாசலுக்கே வந்துவிடுகிறது; எது தீர்ந்தது என்று டப்பாவைத் திறந்து பார்ப்பவள் மட்டும் மாறவில்லை. என் வீட்டில் அது நான்தான்.

வழிப்போக்கர் தங்கிய சத்திரத்தைப் பெண்ணின் பெயர் சொல்லி அழைக்கும் ஊர் எங்களுடையது. வீட்டுக் கணக்குக்கு அந்த மரியாதை வாய்க்கவில்லை. தொழில் தொடங்க நினைக்கும் மாணவிகளிடம் சொல்வேன்: உங்கள் அம்மாவின் சீட்டு ஒரு தொழிலறிவு. அதைக் கற்றுக்கொள்ளுங்கள்; நோட்டின் அட்டையில் உங்கள் பெயரை எழுதுங்கள்.