தலை மாறிய செப்புத்தகடு

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பிரபுக்களின் அச்சு உருவப்படங்களை வரிசையாகப் புரட்டுபவர், முட்டை வடிவச் சட்டம், அதனடியில் குலச்சின்னம், லத்தீனில் பொறித்த பட்டப்பெயர்கள் என ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதையும், முகம் மட்டுமே ஆளுக்கு ஆள் வேறுபடுவதையும் காண்பார். பதினான்காம் லூயியின் அவையில் செதுக்குநராக இருந்த ராபர்ட் நான்தேய் (1623–1678) அந்த முகத்துக்காகவே ஆளை நேரில் அமர்த்தி வரைந்து, கன்னத்தின் மென்மையை நுண்ணிய சிறு கீறல்களாலும் புள்ளிகளாலும் செம்பில் கொணர்ந்தார். அக்கலையின் உச்சம் அவரே எனத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் முகம் எத்தனை எளிதில் நீங்கக்கூடியது என்பதைக் காட்டுவது லண்டனில் பணியாற்றிய பிரெஞ்சுக்காரர் பியர் லொம்பார்த்தின் குதிரைவீரர் படம். இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸ் குதிரைமேல் வருவதாக வான் டைக் 1633இல் தீட்டிய ஓவியத்தைத் தழுவி அமைந்த அப்படத்தின் ஒரே தகட்டிலிருந்து, குரோம்வெல்லின் தலையோடும் சார்லஸின் தலையோடும் பிரதிகள் எடுக்கப்பட்டன. 1649 ஜனவரி 30 அன்று தலை வெட்டப்பட்ட மன்னரும், அத்தண்டனை ஆணையில் கையொப்பமிட்டவரும் ஒரே உடலையும் ஒரே குதிரையையும் பகிர்ந்துகொண்டனர். இவற்றினும் வியப்பூட்டுவது, தலைக்குரிய இடம் வெறுமையாக இருக்கும் பிரதி. உடல் நிமிர்ந்து அமர்ந்திருக்க, கழுத்துக்கு மேல் வெறும் தாளே எஞ்சுகிறது.

தாளில் எளிதாகத் தோன்றினாலும், செம்பில் திருத்துவது கடினமான வேலை. பியூரின் எனப்படும் எஃகுமுனைக் கருவி ஏர்போல் உழுது சென்ற பள்ளத்தில்தான் மை தங்குமாதலால், பழைய கோட்டை அழிக்கச் சுற்றியுள்ள உலோகத்தைச் சுரண்டி, குழிந்த இடத்தைப் பின்புறத்திலிருந்து தட்டி உயர்த்தி, மெருகிட்ட பிறகே புதிய முகத்தைச் செதுக்க இயலும். இவ்வாறு மாற்றிய ஒவ்வொரு கட்டத்தையும் ஆய்வாளர் ‘நிலை’ என்பர்.

எந்தத் தலை முன், எது பின் என்ற சிக்கலுக்காகவே ஜி. எஸ். லேயார்ட் 1922இல் தனி நூல் ஒன்றை எழுதினார். அது மிகையான உழைப்பன்று. அச்சு இயந்திரத்தின் உருளைகளுக்கிடையே நசுங்கும் ஒவ்வொரு முறையும் செம்பு சிறிது தேய்வதால், முந்தைய பிரதிகளில் கோடுகள் கூர்மையாகவும் பிந்தியவற்றில் மங்கியும் விழும். ஆகவே அரசரா, அரசரை வீழ்த்தியவரா, யார் முதலில் அக்குதிரையில் ஏறினார் என்பதைப் புதிதாய்ச் செதுக்கிய முகங்களைவிட, யாரும் கைவைக்காத பகுதிகளிலேயே நம்பித் தேடலாம்.