அவரைப் போலவே

சென்ற ஆண்டுப் பாட்டுப் போட்டியில் நான் ஒரு பிரபல பின்னணிப் பாடகியின் பாடலைப் பாடினேன். அவர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கேயே நானும் விட்டேன். பரிசு கிடைக்கவில்லை. "அவர் பாடியதைக் கேட்டாயிற்று. நீ எங்கேயம்மா?" என்றார் நடுவர். வீட்டுக்கு வந்து அழுதேன்.

கோடை விடுமுறையில் மாமா தம் பழைய இசைத்தட்டுகளைத் துடைக்கச் சொன்னார். அவற்றுள் ஒன்று 1972-இல் வெளிவந்த 'லேடி சிங்ஸ் தி புளூஸ்' என்ற திரைப்படத்தின் பாடல்கள் அடங்கிய இரட்டைத் தட்டு. ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் வாழ்க்கைதான் படம். அவராக நடித்துப் பாடியவர் டயானா ராஸ். 'சுப்ரீம்ஸ்' குழுவில் துள்ளல் பாடல்கள் பாடிப் புகழ்பெற்ற அவருக்கு இந்த வேடம் பொருந்துமா என்று அப்போது பலரும் ஐயப்பட்டார்களாம்.

மாமா முதலில் பில்லி ஹாலிடேயின் தட்டைப் போட்டார். சிறிய குரல், சற்றே கரகரப்பு. தாளம் முன்னே போக, சொற்கள் அவசரமில்லாமல் பின்னால் வருகின்றன. அடுத்து ராஸ் பாடினார். மெல்லிய, தெளிந்த குரல். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"அவரைப் போலவே இல்லையே, மாமா!"

"சொற்களை எங்கே நிறுத்துகிறாள் என்று கவனி. அதை அவரிடம் கற்றிருக்கிறாள். குரலைக் கடன் வாங்கவில்லை" என்றார். மறுபடி கேட்டேன். உண்மைதான். அந்தத் தட்டு 1973 ஏப்ரலில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அந்த நடிப்புக்கு ராஸின் பெயர் ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்டது.

பில்லியின் கதையையும் மாமாவே சொன்னார். பள்ளிக்கு ஒழுங்காகப் போகாததால் 1925-இல், பத்து வயது நிரம்புமுன்பே, பால்டிமோரில் நல்லாயன் கன்னியர் நடத்திய இல்லத்தில் சேர்க்கப்பட்டாராம். அங்கேதான் திருமுழுக்கும் பெற்றார். (நம் பள்ளியைப் போன்ற இடந்தானோ என்று கேட்டேன். மாமா பதில் சொல்லவில்லை.) 1939-இல், கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றிய பாடலைப் பதிவுசெய்ய அவருடைய நிறுவனமே மறுத்தது, வேறொரு சிறு நிறுவனத்தில் பாடிப் பதிந்தார். போதைப் பழக்கம் அவரைக் குலைத்தது. 1959-இல், 44 வயதில், நியூயார்க் மருத்துவமனையில் இறந்தார். அறை வாசலில் காவலர் நின்றிருந்தனராம். இதைக் கேட்டபின் அந்தக் கரகரப்பை நடித்துக் காட்ட எனக்கும் மனம் வராது.

இந்த ஆண்டும் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அதே பாடல்தான். இரண்டாம் அடியில் எங்கே மூச்சு விடுவது என்று இன்னும் தீர்மானிக்கவில்லை.