பழஞ்சோற்றுக் கலயம்

மாத்தளைத் தோட்டத்து லயத்தில் பிறந்த நாம், விடியுமுன் பெரட்டுக்குச் சென்ற அன்னையர் கரைத்து வைத்த பழஞ்சோற்றை உண்டே பள்ளி சென்றோம். அதன் புளிப்பு மணத்தை வறுமையின் நாற்றமென்று எண்ணி நாணினோம்.

பாரிஸ் பாஸ்தர் நிறுவனத்தில் உழைத்து, 1908இல் நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்ற மெச்னிக்கோவ், பல்கேரியக் குடியானவரின் தயிரிலுள்ள நுண்ணுயிர்களே அவர்தம் நீண்ட ஆயுளுக்குக் காரணமெனக் கருதினார். அக்கருத்து முழுதும் நிலைபெறவில்லை. ஆயினும் ஏழையின் கலயத்தை நோக்கி விஞ்ஞானத்தின் பார்வை திரும்பியது. இரவெல்லாம் நீரில் ஊறும் சோற்றிலும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் பெருகுவதை இன்று அறிவோம்.

நாணம் தீர்ந்தது. ஆனால் நண்பர்களே, நுண்ணுயிரின் பெருமை பேசிக் கூலியின் சிறுமையை மறைத்தல் ஆகாது. விரும்பி உண்பது வேறு. வேறு வழியின்றி உண்பது வேறு.