சோக் கம்பி ஏன் சுட்டது?

இந்தப் பத்திரிகையின் கேள்வி-பதில் பகுதியானாலும் சரி, எங்கள் வேளாண்மை அலுவலகமானாலும் சரி, விவசாயிகள் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "இலை மஞ்சளா இருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லிவிடும் பழக்கம் எனக்கும் பல வருடம் இருந்தது. அந்தப் பழக்கத்தை விட வைத்தது எந்தப் பயிற்சி முகாமும் இல்லை. கேளம்பாக்கத்தில் என் வீட்டு வாசலில் நிற்கும் பழைய மாருதி 800 கார்தான்.

1998-ம் வருட மாடல். 796 சி.சி, மூன்று சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. 2004-ல் இரண்டாவது கையாக வாங்கினேன். 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்த மாருதி 800-ன் தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் கிராமத்துப் பக்கம் போனால் இன்னும் நிறைய ஓடுகிறது. நம் வாசகர்கள் பலர் வீட்டிலும் ஒரு பழைய 800-ஓ, ஆம்னி வேனோ, அம்பாசிடரோ நிற்கும். 15 வருடம் ஆனதும் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்து, அதன்பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை மறுபடியும் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் எளிமையானது. கொஞ்சம் பொறுமையும் நாலைந்து ஸ்பேனரும் இருந்தால், பாதி வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் இரும்புக்கு எதிரி உப்புக்காற்று. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் இரண்டு பக்கமும் உப்பளம். அதைத் தாண்டினால் உப்பங்கழி, அப்புறம் கடல். ஜன்னல் கம்பியே மூன்று வருடத்தில் பொரிந்துவிடும். வெட்டவெளியில் நிற்கும் காரைக் கேட்க வேண்டுமா?

போன ஐப்பசியில், மழை பிடித்த நாலாம் நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன். பளிச்சென்று எரிந்தது. சாவியைத் திருப்பும்போதும் அது மங்கவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் தன் வண்டி பேட்டரியிலிருந்து ஜம்ப்பர் கேபிள் கொடுத்தார். சிவப்புக் கிளிப்பை என் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், கறுப்புக் கிளிப்பை இன்ஜின் மேலிருந்த ஒரு போல்ட்டிலும் மாட்டினார். ஒரே திருப்பில் இன்ஜின் ஓடியது. "பேட்டரி போயிடுச்சு சார்" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. புது பேட்டரிக்கு 3,600 ரூபாய்.

ஆறு நாள் கழித்து மறுபடி 'டக்'. இந்த முறை ஸ்டார்ட்டர் மோட்டார் என்று சொல்லிக் கழற்றி, பிரஷ் மாற்றி மாட்டினார்கள். 1,800 ரூபாய். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். கார்த்திகை மழையில் ஒருநாள் திருப்போரூர் சந்தை முன்னால் நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளித்தான் கிளப்பினோம். அடுத்து இக்னிஷன் சுவிட்ச்சை மாற்றலாம் என்றார் மெக்கானிக். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை மூன்று நாலு முறை விடாமல் முயன்றேன். பக்கத்து சீட்டில் இருந்த மனைவி, சோக் இழுத்துப் பார்க்கலாம் என்று கை வைத்தவள் சட்டென்று கையை எடுத்தாள். "ஏங்க, இந்தக் கம்பி சுடுது பாருங்க."

தொட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே சுட்டது. இன்ஜினோ குளிர்ந்து கிடக்கிறது. அப்புறம் ஏன் சோக் கம்பி சுட வேண்டும்? அன்றைக்குத்தான் முதல் தடவையாக, அடுத்து எதை மாற்றலாம் என்று யோசிக்காமல், என்ன நடக்கிறது என்று யோசித்தேன்.

ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் வேண்டும். பாசிட்டிவ் கம்பி வழியாகப் போகும் மின்சாரம், இன்ஜினின் இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அதற்காக என் வண்டியில் கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே பின்னல் போட்ட தட்டையான செம்புக் கம்பி ஒன்று இருக்கிறது. அதைத்தான் எர்த் கம்பி என்கிறோம். அந்த வழி அடைபட்டால் மின்சாரம் வேறு சந்து தேடும். கார்புரேட்டரிலிருந்து டேஷ்போர்டுக்கு வரும் மெல்லிய சோக் கம்பி அதற்குக் கிடைத்த சந்து. வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் எலிவளை வழியாக வரப்பை உடைக்கிற மாதிரிதான். அவ்வளவு மின்சாரத்தை அந்தக் கம்பி தாங்காது, அதனால் சுட்டது.

மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி-யில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும், மற்றதை இன்ஜின் இரும்பிலும் வைத்து, மனைவியைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எர்த் நன்றாக இருந்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். நாலு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால், பாடிப் பக்கத்து போல்ட்டைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பொடி பூத்திருந்தது. கையால் அசைத்ததும் கம்பி பாதி கையோடு வந்துவிட்டது.

புதுக் கம்பி 180 ரூபாய். துருவையும் பெயின்ட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு பளபளவென்று தெரிந்தபிறகு இறுக்கி மாட்டினேன். மேலே வாசலின் தடவினேன். அதற்குப் பிறகு இன்றுவரை 'டக்' இல்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் எல்லாத் தடயமும் முதல் நாளே கண்முன்னால் இருந்தது. பேட்டரி பலவீனமாக இருந்தால் சாவியைத் திருப்பும்போது ஹெட்லைட் மங்கியிருக்கும். அது மங்கவில்லை. ஜம்ப்பர் கேபிளில் ஓடியதற்குக் காரணம் அவருடைய பேட்டரி இல்லை. கறுப்புக் கிளிப்பை இன்ஜினிலேயே மாட்டியதால் எர்த்துக்கு நல்ல வழி கிடைத்தது. ஸ்டார்ட்டரைக் கழற்றி மாட்டியபோது அந்தக் கம்பியும் கொஞ்சம் அசைந்து பத்து நாளுக்குப் பிடிப்பு கொடுத்திருக்கிறது. அதை நாங்கள் குணமானதாக எடுத்துக்கொண்டோம். மெக்கானிக்கை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும்தான் தலையாட்டினேன்.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோதே எனக்கு ஒரு பழைய நாற்றுக்கட்டு நினைவுக்கு வந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய நவரைப் பட்டம். உப்பங்கழி ஓரத்தில் ஒரு ஏக்கர் வைத்திருந்த பெரியவர் ஒருவர், மஞ்சளும் பழுப்புமாக இருந்த ஒரு பிடி நாற்றை அலுவலகத்துக்கு எடுத்து வந்தார். பார்த்ததும் துத்தநாகக் குறை என்று சொல்லி, ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து போடச் சொன்னேன். எழுந்து போகும்போது, "இந்த வருஷம் போர் தண்ணி கொஞ்சம் கரிக்குது சார்" என்றார். காதில் விழுந்தது, மனதில் விழவில்லை. அவர் போட்டார். நடுவில் ஒரு மழை பெய்து பயிர் கொஞ்சம் தெளிந்தது. மருந்து கேட்டது என்றே இருவரும் நினைத்தோம். மழை நின்றதும் திட்டுத் திட்டாகக் காய்ந்தது. முப்பது மூட்டை எடுக்கும் நிலத்தில் பதினொரு மூட்டைதான் வந்தது.

அடுத்த பட்டத்துக்கு அவர் ஒரு பாட்டிலில் போர் தண்ணீரோடு வந்தார். மின்கடத்துத் திறன் 5-க்கு மேல் இருந்தது. 2-ஐத் தாண்டினாலே நெல்லுக்கு யோசித்துப் பாய்ச்ச வேண்டிய தண்ணீர். ஏரித் தண்ணீரோடு மாற்றி மாற்றிப் பாய்ச்சவும், மழைநீரைத் தேக்கிப் பிறகு வடிக்கவும், உப்பைத் தாங்கும் கோ 43 ரகத்தை நடவும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் 'போன வருடம் நான் சொன்னது தப்பு' என்று மட்டும் சொல்லவில்லை.

எர்த் கம்பி மாற்றிய அந்த வாரமே அதே காரில் அவர் வீட்டுக்குப் போய் அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். "அப்பவே தெரியும் சார். அதனாலதான் மறு வருஷம் பாட்டில்ல கொண்டாந்தேன்." வேறெதுவும் சொல்லவில்லை. மோர் கொடுத்து அனுப்பினார்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். ஒரு கோளாறு வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சோதியுங்கள். காசு செலவில்லாத சோதனையை முதலில் செய்யுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. இந்த இரண்டும் சரியாக இருந்தும் 'டக்' சத்தம் வந்தால், ஸ்டார்ட்டரைக் கழற்றும் முன் பேட்டரி முனைகளையும் எர்த் கம்பியையும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

உரத்தைக் காரில் ஏற்றுபவர்கள் கவனிக்க வேண்டும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷில் பாதிக்குச் சற்றுக் குறைவான எடை குளோரைடுதான். சாப்பாட்டு உப்பைப் போலவே ஈரம் பட்டால் இரும்பைத் தின்றுவிடும். செயல்விளக்கத் திடலுக்கு மூட்டை ஏற்றி ஏற்றியே என் வண்டியின் டிக்கி ஓட்டையானது. எர்த் கம்பியை அரித்தது உப்புக்காற்று, டிக்கியை அரித்தது நான். இப்போது தார்ப்பாய் விரிக்காமல் ஏற்றுவதில்லை. சிந்தியதைக் கூட்டிவிட்டு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைக்கிறேன். கடலோரம் போய் வந்தால் வண்டியின் அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். போர் தண்ணீர் கரித்தால் அதில் கழுவாதீர்கள்.

பெட்ரோலும் இப்போது பழைய பெட்ரோல் இல்லை. 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து வருகிறது. கரும்பிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் வரும் எத்தனால் நம் விளைபொருளுக்கு விலை தருவதால் எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். கார்புரேட்டர் வண்டியில் எரிபொருள் குழாய்களைக் கையால் அழுத்திப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் உடனே மாற்றுங்கள். பாதி டேங்க்கோடு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள்.

பிரேக் வேலையை வீட்டில் செய்யாதீர்கள், அது தெரிந்தவர் கைக்குப் போகட்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

கேள்வி எழுதும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இலையை மட்டும் அனுப்பாதீர்கள். மஞ்சள் வயல் முழுக்க இருக்கிறதா, திட்டுத் திட்டாகவா, எப்போது ஆரம்பித்தது, அதற்கு முன் என்ன போட்டீர்கள், தண்ணீர் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். கடைசியில் 'இதுவும் ஒரு விஷயமா' என்று தயங்கி விட்டுவிடுகிறீர்களே, அதையும் எழுதுங்கள். படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன்.