தராசும் செருப்பும்

மயிலாப்பூரின் உண்மையான சுறுசுறுப்பைக் காண விரும்புகிறவர்கள் காலை ஐந்தரை மணிக்கு லஸ்ஸிலுள்ள நாகேசுவர ராவ் பூங்காவுக்கு வந்துவிட வேண்டும். அங்கே நாள்தோறும் ஒரு பெரிய பிரதட்சிணம் நடைபெறுகிறது. நடுவில் சந்நிதி மட்டுந்தான் இல்லை. கைகளை வீசி விரைகிறவர்கள், ஊர் வம்பை மென்றுகொண்டே நகர்கிறவர்கள், ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை பெஞ்சியில் இளைப்பாறுகிறவர்கள் என்று பக்தர்களில் பல தினுசு உண்டு. அமிருதாஞ்சனத்தை நாட்டுக்கு அளித்த தேசபக்தர் காசிநாதுனி நாகேசுவர ராவ் பெயரைத் தாங்கியது இப்பூங்கா. தலைவலிக்கு மருந்து தந்தவரின் பெயர் விளங்கும் இடத்தில், தொந்திக்கு மருந்து தேடி இத்தனை பேர் சுற்றுவது பொருத்தந்தானே?

அந்தக் கூட்டத்தில் நாமும் ஒருவராகச் சேர்ந்ததற்குக் காரணம் பயம். நீரிழிவினால் நம் தமையனாருடைய கால்விரல் ஒன்றை எடுக்க நேர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே நம் இடுப்பை அளந்து பார்த்தோம். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். நாம் அந்த எல்லையைத் தாண்டி வெகு தூரம் பிரயாணம் செய்திருந்தோம்!

உடனே எடை பார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். மறுநாளே நடக்கத் தொடங்கினோம். தினமும் நடந்தோம், தினமும் கருவியின்மீது ஏறினோம். முள் அசையவில்லை. மூன்றாவது வாரத்தில் மழை பெய்தது. மழையைச் சாக்கிட்டுப் படுத்தவர்கள், மழை விட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

முள் ஏன் அசையவில்லை என்பது சிறு கணக்குத்தான். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அரை மணி நேரம் விரைவாக நடந்தால் செலவாவது ஏறக்குறைய 150. மற்றபடி ஆகாரம் கூடாமல் குறையாமல் இருந்தாலும், ஒரு கிலோ கரைய ஐம்பது நாள் ஆகும். நாமோ, பூங்காவிலிருந்து நேரே மாடவீதிப் பக்கம் சென்று, நெய் மணக்கும் பொங்கலையும் வடையையும் உட்கொண்டு, அதன்மேல் ஒரு டிகிரி காப்பியும் அருந்தி வந்தோம். முள்ளின் மீது குற்றம் என்ன?

இரண்டாம் முறை நம்மை எழுப்பியது பயமன்று. நம் ஊரிலேயே நடந்த ஓர் ஆராய்ச்சி. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்து, முடிவை 2006-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேரை நீரிழிவு பிடித்துக்கொண்டது. தினசரி நடையும் உணவில் ஒழுங்கும் கைக்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேரைத்தான் பிடித்தது. இதில் ஆச்சரியம் என்னவென்றால், இவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை! முள் அசையுமுன்பே நடை தன் பலனைக் கொடுத்துவிட்டது. நாம் இத்தனை நாளும் தவறான சாட்சியை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே எடைக் கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். செருப்பை வாசற்படியருகே வைத்தோம். நடந்த நாளுக்கு நாட்காட்டியில் ஒரு கோடு, அவ்வளவே கணக்கு. பொங்கலை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்தி வைத்தோம். அடியோடு துறந்தால் துறவறம் ஒரு வாரங்கூட நிலைக்காது என்பது நமக்குத் தெரியும்.

மாலை நடைக்குத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. தியாகராய நகரில் பாண்டி பஜாரின் நடைபாதை 2019 நவம்பரில் அகலமாகி, நடப்பவர்களுக்கென்று திறக்கப்பட்டது. சாமான் வாங்கப் போகும் நாட்களில், நம் இல்லத்தரசியாருடன் அதன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போய் வருகிறோம். ஒவ்வொரு ஜவுளிக்கடை வாசலிலும் நிற்க நேர்வதால் நடையின் வேகம் குறையும்; பணப்பை இளைப்பதில் மட்டும் குறைவிராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அடையாற்றைக் கடந்து பெசன்ட் நகருக்குப் போவோம். 2023 நவம்பர் 4-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில், மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் வகுக்கப்பட்டன. சென்னைக்கு அமைந்தது இந்தப் பக்கத்தில்தான். முதல் நாள் எட்டுக் கிலோமீட்டர் என்றதும் மலைத்து நின்றோம். நாள் ஒன்றுக்குப் பதினாயிரம் அடி என்னும் கணக்கு, 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது, வேதவாக்கன்று. பாதி வழி போய், கடற்காற்று வாங்கித் திரும்பினாலும் பாதகமில்லை. 

ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஆளுக்கு ஆள் வெகுவாக வேறுபட்டாலும், நடுத்தரமாக 66 நாள் என்று கண்டார்கள். நம் பெரியோர் வகுத்த ஒரு மண்டலத்துக்கு இன்னும் பதினெட்டு நாள் கூட. இடையில் ஒரு நாள் தவறினால் குடி முழுகிவிடுவதில்லை என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது. முதல் தடவை மழைக்குத் தோற்றபோது நாம் இதை அறிந்திருக்கவில்லை.

அறுபத்தாறு கடந்து வெகு நாளாயிற்று. ஆயினும் நம்மை நாள்தோறும் எழுப்புவது ஆராய்ச்சி மட்டுமன்று. புண் ஆறி, வைத்தியர் அனுமதி கொடுத்த பிறகு, தமையனாரும் பூங்காவுக்கு வரத் தொடங்கியிருக்கிறார். காலுக்கென்று தைத்த பாதரட்சையோடு மெதுவாக இரண்டு சுற்று. பிறகு வாசலருகிலுள்ள பெஞ்சியில் உட்கார்ந்து நம் சுற்றுக்களை எண்ணுகிறார். சென்ற செவ்வாய்க்கிழமை பத்து நிமிஷம் தாமதமாகப் போனோம்.

“ஏண்டா, மழையா பெய்தது?” என்று கேட்டார்.

புதன்கிழமை நிஜமாகவே மழை பெய்தது. குடை பிடித்துக்கொண்டு போனோம். பெஞ்சியில் ஏற்கெனவே ஒரு குடை விரிந்திருந்தது.