தாராவிக்கு வராத தாள்கள்

தாராவி 90 அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒரேயொரு கார் நிற்கும் அளவுக்கு ஓர் ஒர்க்‌ஷாப். மெக்கானிக் திருநெல்வேலிக்காரர், தெருவுக்கே அண்ணாச்சி. மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த பழைய சிறிய காரின் எஞ்சினில் 'டக் டக்' என்று சத்தம். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை வால்வு கவர்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்தினார். பிறகு கீழே, ஆயில் சம்ப் பக்கம்.

"மேல கேட்டா டேப்பட். கீழ கேட்டா பேரிங். ஆக்ஸிலேட்டர் கொடுக்கக் கொடுக்கக் கூடுச்சுன்னா, வண்டிய எடுக்காதீங்கன்னு சொல்லிருவேன் சார்."

இது டேப்பட். ஃபீலர் கேஜை நுழைத்து இடைவெளியைச் சரிசெய்ததும் சத்தம் அடங்கியது. குர்லாவில் தயாரான பிரீமியர் பத்மினி டாக்ஸிகளில் படித்த பாடம் அது. மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2003 அக்டோபரில் பதிவானது. 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபரில் சாலையை விட்டுப் போனது.

அடுத்து நின்றது செம்பூர்க்காரர் ஒருவரின் புதுக் கார். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம் கேட்டு, சில விநாடிகளில் நின்றுவிடுகிறதாம். ஸ்கேனரில் ஒரு பிழைக் குறியீடும் இல்லை. செயினா, டென்ஷனரா, ஆயில் வருவது தாமதமாகிறதா? பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார். பிரிக்கும் கூலி காரின் உரிமையாளர் தலையில்.

ஆனால் இத்தகைய சத்தங்கள் பலவற்றுக்குத் தயாரித்த நிறுவனமே விடை எழுதி வைத்திருக்கும். எந்த மாடல், எந்த மாதத்துத் தயாரிப்பு, சத்தம் எப்போது வரும், எந்தப் பாகத்தை மாற்றுவது என்று தன் டீலர்களுக்கு சர்வீஸ் புல்லட்டின் அனுப்பும். அமெரிக்காவில் இவை நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கும் போகின்றன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஹூண்டாய் 2015-ல் அங்கே சுமார் 4,70,000 சொனாட்டா கார்களைத் திரும்ப அழைத்தது. கிராங்க் ஷாஃப்ட் தயாரிப்பில் தங்கிய உலோகத் துகள், பேரிங்குக்குப் போகும் ஆயிலைத் தடுத்தது. எஞ்சினின் தட்டல் ஓசைதான் அதற்கு அறிகுறி. காது கண்டுபிடிக்காத காரணத்தை நிறுவனத்தின் தாள் சொல்லிவிடுகிறது.

அண்ணாச்சிக்கு அது எப்படிக் கிடைக்கும்? "ஷோரூம்ல வேல பாக்குற பையன் வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா உண்டு." அமெரிக்கத் தாள்கள் பெரும்பாலும் உதவுவதில்லை, இங்கே ஓடும் சின்ன எஞ்சின்கள் பல அங்கே விற்கப்படுவதே இல்லை.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் சோதனைக் கருவிகளையும் பழுதுபார்ப்புக் கையேடுகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததுதான் குற்றம். நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளத்தைத் தொடங்கியது. இந்தச் சந்தில் இன்னும் வாட்ஸ்அப் போட்டோதான். இவ்வளவு கூர்மையான காதுகளை வைத்திருப்பவர்களைக் குருட்டாம்போக்கில் எஞ்சினைப் பிரிக்க வைப்பது அநியாயம்.

கார் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது, உங்கள் சேஸிஸ் நம்பருக்கு புல்லட்டின் ஏதாவது உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் கிடைத்தால், ஒரு நகலை உங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொடுங்கள்.