கங்கைகொண்ட சோழீச்சரத்தில் படமெடுக்குமுன்...

அரியலூர் மாவட்டத்தில் வானளாவ எழுந்து நிற்கிறது கங்கைகொண்ட சோழீச்சரம். முதலாம் இராஜேந்திர சோழன் எழுப்பிய இத்திருக்கோயில், 2004-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. இறைவனைத் தரிசிக்க வரும் அன்பர்களுடன், சிற்பங்களைப் படமெடுக்க வருவோரும் இங்கு மிகுதி. வந்தவுடன் கேமராவை உயர்த்துவோர் பலர். நாளும் பொழுதும் பார்த்து வருவோர் சிலரே.

கோயில் கிழக்கு நோக்கியது. ஆதலால் முகப்பைப் படமெடுக்கக் காலைப்பொழுதே உகந்தது. பக்கச் சுவர்களுக்கோ மாதக் கணக்கு உண்டு. மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால், தென்புறச் சுவரில் ஆடல்வல்லான் ஒளிபெற்று விளங்குவார். வடபுறம் நிழலில் ஆழ்ந்திருக்கும். வைகாசி, ஆனி மாதங்களில் கதிரவன் சற்று வடக்கே விலகி உதிக்க, காலை வெயில் வடபுறச் சுவரில் சாய்வாகப் படரும். வடபுற வாயிலருகே, அடியவரான சண்டேசரின் தலையில் சிவபெருமான் தம் திருக்கரத்தால் பூமாலை சூட்டும் திருக்கோலத்தைப் படமெடுக்க விழைவோர் அம்மாதங்களில் வருவது நலம்.

கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கேமராவைத் தாங்கும் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதி பெறவேண்டும். நண்பகலில் நடை சாத்தும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். கருவறையைப் படமெடுத்தலாகாது. ஐப்பசிப் பௌர்ணமியன்று பெருவுடையாருக்கு அன்னாபிஷேகம் நிகழும். அந்நாள் தரிசனத்துக்கே உரியது.

இத்தனை முயற்சி எதற்கு என்று சிலர் வினவலாம். இதே மாவட்டத்துச் ஸ்ரீபுரந்தான் சிவாலயம் அதற்கு விடை கூறுகிறது. அங்கிருந்து களவுபோன நடராஜர் செப்புத்திருமேனி, கடல் கடந்து ஆஸ்திரேலியத் தலைநகரின் தேசியக் கலைக்கூடத்தைச் சென்றடைந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்னரே எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த நிழற்படம், அத்திருமேனி இன்னதென அடையாளம் காட்டத் துணைநின்றது. 2014-ஆம் ஆண்டு பெருமான் பாரதம் மீண்டார். அன்று முறையாக ஒரு படம் எடுக்கப்படாதிருந்தால், சான்று கூற யார் இருந்திருப்பர்?

ஆதலின், கேமராவுடன் கிளம்பும் பேரன் பேத்தியருக்குப் பெரியோர் இவற்றை எடுத்துரைக்கலாம். சிற்பத்தை நேரே ஒரு முறையும், இரு பக்கங்களிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுக்கவேண்டும். சிறு வடுவும், அருகிலுள்ள எழுத்தும் தெளிவாகத் தெரியவேண்டும். ஊர், கோயில், சிற்பம் இருக்கும் இடம், எடுத்த நாள் ஆகியவற்றை அன்றே குறித்து வைக்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, சந்நிதியில் தீபாராதனை கண்டு, திருநீறு தரித்த பின்னரே கேமராவைத் திறக்கவேண்டும்.